கழுவியாச்சு... காயலையே!



உட்லண்ட்ஸில் ஒரு நான்கறை வீவக வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் ஷிப்ட் வேலை, விடிவதற்குள் கிளம்ப வேண்டும். வீட்டில் பணிப்பெண் இல்லை. மூட்டுவலியோடு இருக்கும் மாமியார்தான் இதுவரை பாத்திரம் தேய்த்தார். அவர் கைக்கு ஓய்வு கொடுக்கத்தான் பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்தது. வந்த மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், கறை போயிருக்கிறது, பிசுக்குப் போயிருக்கிறது. ஆனால் டம்ளர் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பிளாஸ்டிக் டப்பா மழையில் நனைந்த மாதிரி இருக்கிறது. மாமியார் துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைக்க உட்கார்ந்துவிடுகிறார்.

"விடுங்க அத்தை, மிஷினே காய வச்சிடும்."

"எங்கம்மா காய வச்சிருக்கு? நீயே தொட்டுப் பாரு."

ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய பிறகும் அந்தக் கைக்கு வேலை குறையவில்லை என்றால் வாங்கியதில் என்ன பயன்? இயந்திரம் பழுதா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, அல்லது அதைப் பயன்படுத்தும் விதத்தில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா? இன்றைய பேச்சு இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

பெரும்பாலும் இயந்திரம் பழுதாக இருப்பதில்லை. அது எப்படி உலர்த்துகிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான். வாங்கும்போது எத்தனை தட்டுப் பிடிக்கும், எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்கிறோம். "எப்படிக் காய வைக்கும்?" என்று கேட்பவர் குறைவு.

இயந்திரம் புதிதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. ஹோட்டல்கள்தாம் முதலில் வாங்கின. ஐரோப்பாவில் மீலே நிறுவனம் 1929ல் மின்சாரத்தில் இயங்கும் வீட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கழுவும் கலை அப்போதிருந்தே முன்னேறிக்கொண்டு வருகிறது. உலர்த்தும் கலைதான் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது.

சூடான காற்று அடிப்பதில்லை

முடி உலர்த்தும் கருவி மாதிரி உள்ளே சூடான காற்று அடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் விற்கும் சில வகைகளில் அடிப்பாகத்தில் மின்கம்பி சூடேறி காற்றைச் சூடாக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஐரோப்பிய வகை இயந்திரங்கள் பலவற்றில் அப்படி எதுவும் கிடையாது. அவை செய்வது வேறு.

கடைசி அலசலுக்கான தண்ணீரை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குகின்றன. அந்தச் சூடு பாத்திரத்துக்குள் ஏறுகிறது. தண்ணீர் வடிந்த பிறகு, பாத்திரம் தன்னிடம் உள்ள சூட்டைக் கொடுத்து, தன்மேல் ஒட்டியிருக்கும் நீரைத் தானே ஆவியாக்குகிறது. அந்த ஆவி, பாத்திரத்தைவிடக் குளிர்ந்திருக்கும் எவர்சில்வர் உள்சுவரில் பட்டு மறுபடி நீராகி, வழிந்து, வடிகுழாயில் போய்விடுகிறது. சோற்றுப்பானை மூடியின் உட்புறம் நீர் கோத்து நிற்கிறதே, அதே கதைதான். ஆக, உலர்த்துவதற்கான சூடு பாத்திரத்திலிருந்துதான் வருகிறது. சூட்டைச் சேமித்து வைக்கத் தெரிந்த பாத்திரம் காயும். தெரியாதது காயாது.

சின்னக் கணக்கு ஒன்று. 600 கிராம் எடையுள்ள பீங்கான் தட்டு 65 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது வெளிவிடும் சூட்டில் 6 கிராமுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கலாம். 80 கிராம் பிளாஸ்டிக் டப்பா அதே அளவு ஆறினால் 2 கிராமைக்கூட எட்டாது. ஒரு தட்டின் இரு பக்கத்திலும் ஒட்டியிருக்கும் நீர் சில கிராம்தான். பீங்கான் தன் கடனைத் தானே அடைத்துவிடுகிறது. டப்பாவுக்குக் கையில் காசு போதவில்லை. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக்கின் மேல் நீர் பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கிறது. பரவிய நீர் சீக்கிரம் காயும், திரண்ட நீர் காயாது.

சரி, நம் வீட்டு எவர்சில்வர்? இங்கேதான் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனிப் பிரச்சினை. இரும்புச் சாமான் ஆயிற்றே, நன்றாகச் சூடு பிடிக்கும் என்று தோன்றும். உண்மையில் எடைக்கு எடை பார்த்தால் பீங்கானைவிட அது சேமிக்கும் சூடு குறைவு. நம் தட்டுகள் மெல்லியவை வேறு. 300 கிராம் எவர்சில்வர் தட்டு, அந்தப் பிளாஸ்டிக் டப்பா அளவு நீரைத்தான் ஆவியாக்கும். ஆனாலும் டப்பாவைவிட நன்றாகக் காய்வதற்குக் காரணம், சுத்தமான எவர்சில்வர்மேல் நீர் மெல்லிய படலமாகப் பரவி வடிந்துவிடுவது. வடிய முடியாத இடங்களில்தான் சிக்கல். டம்ளர் விளிம்பைச் சுருட்டி விட்டிருப்பார்கள் அல்லவா, அந்தச் சுருளுக்குள் நீர் ஒளிந்துகொள்ளும். டபராவின் குழிந்த அடிப்பாகம், அடுக்குக் கேரியரின் கொக்கி மாட்டும் காது, இட்லித் தட்டின் நடுத்தண்டு, இவை எல்லாம் நீர் குடியிருக்கும் வீடுகள். ஜெர்மனியில் இயந்திரத்தை வடிவமைத்தவர் மனத்தில் கோப்பையும் சாஸரும்தான் இருந்திருக்கும், டபரா இருந்திருக்காது!

நம் காற்று ஏற்கெனவே நிரம்பிய காற்று

டிசம்பர், ஜனவரி மழையில் மூங்கில் கழியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் நசநசவென்று இருப்பதை உட்லண்ட்ஸ் வாசிகள் அறிவார்கள். சமையலறைப் பாத்திரத்துக்கும் அதே காற்றுதான்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். தொடர்மழையில் 100ஐத் தொடுவதும் உண்டு. 28 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 23 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மிச்ச இடம் 4 கிராம்தான். ஐரோப்பாவில் 20 டிகிரியில், பாதி ஈரப்பதத்தில் இருக்கும் சமையலறைக் காற்றில் மிச்ச இடம் 8 கிராமுக்கு மேல். அதாவது நம்மிடம் இருப்பதைப்போல் இரு மடங்கு. அவர்களின் கையேட்டில் "தானாக உலர்ந்துவிடும்" என்று எழுதியிருப்பது அவர்கள் ஊருக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. உள்சுவர் குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆவி அதில் படியும் என்று பார்த்தோம். நம் சமையலறையே 30 டிகிரி. சில இயந்திரங்கள் பக்கவாட்டில் ஒரு தொட்டி வைத்து, அதில் குழாய் நீரை நிரப்பிச் சுவரைக் குளிர வைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊரில் குழாயைத் திறந்தால் வருவதே வெதுவெதுப்பான நீர்.

இதற்காக மனம் தளர வேண்டாம். 50 டிகிரி காற்று ஒரு கனமீட்டரில் 80 கிராமுக்கு மேல் ஆவியைச் சுமக்கும். ஆகவே பாத்திரம் சூடாக இருக்கும்போதே அந்த ஆவியை வெளியேற்றிவிட்டால் ஈரப்பதம் நம்மை ஒன்றும் செய்யாது. ஆறிய பிறகு காய வைக்க முயல்வதுதான் தோற்கிற வேலை. பலர் செய்வதோ இரண்டாவதை. இரவு 11 மணிக்குப் பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறார்கள். 2 மணிக்கு இயந்திரம் நின்றுவிடுகிறது. மூடிய பெட்டிக்குள் ஆவி அப்படியே நின்று, எல்லாம் ஒன்றாக ஆறி, மிச்ச நீர் எங்கும் போக வழியில்லாமல் பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. காலையில் மாமியார் கையில் துணி!

என்ன செய்யலாம்?

முதலில் நேரத்தை மாற்றுங்கள். இரவு உணவு முடிந்ததும், எட்டு மணிக்கே ஓடவிட்டால் தூங்கப் போகுமுன் கதவைத் திறக்க முடியும். அது முடியாதென்றால், தாமதமாகத் தொடங்கும் வசதி அநேகமாக எல்லா இயந்திரங்களிலும் இருக்கிறது. கடற்பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர் வீட்டில் ஐந்து மணிக்கு விளக்கு எரியும் என்றால், ஐந்து மணிக்கு முடியும்படி வைக்கலாம்.

ஓடி முடிந்து பத்து, பதினைந்து நிமிடம் விட்டுக் கதவைத் திறங்கள். உடனே திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை. ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைப்பது போதாது. ஆவி நேராக மேலேறி, மேடைப் பலகையின் அடிப்பக்கத்தை ஊற வைத்து உப்பச் செய்துவிடும். நன்றாக விரியத் திறந்து, புகை உறிஞ்சியைப் போட்டுவிடுங்கள். மின்விசிறியும் ஓடினால் இன்னும் நல்லது. புதிய இயந்திரங்கள் சிலவற்றில் கதவு தானாகவே திறந்துகொள்ளும். அவற்றோடு பலகைக்கு ஒட்ட ஒரு காப்புத் தகடும் கொடுப்பார்கள். பொருத்துபவர் அதை ஒட்டினாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்தது அலசல் திரவம். சலவைக் கட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது தனிக் குப்பியில் வரும், கதவின் உட்புறம் உள்ள சிறு அறையில் ஊற்ற வேண்டும். கடைசி அலசலில் மட்டும் சில துளி கலக்கும். தண்ணீர் திரண்டு நிற்கும் குணத்தைக் குறைத்து, படலமாகப் பரவி வடிய வைப்பதே இதன் வேலை. "எல்லாம் ஒன்றில்" என்று விற்கும் கட்டிகளில் இதுவும் கொஞ்சம் இருக்கிறது என்பார்கள். இருந்தாலும் ஈரம் பிரச்சினையாக உள்ள வீட்டில் தனியாக ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகு அல்லது பொத்தான் இருக்கும். நீர்த்துளிக் கறை தெரிந்தால் ஒரு படி கூட்டுங்கள். கண்ணாடியில் நீலம் பாய்ந்த கோடு விழுந்தால் ஒரு படி குறையுங்கள்.

அதற்குப் பதில் காடி ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காடி உப்புப் படிவைக் கரைக்கும், ஆனால் நீரைப் பரவ வைக்காது. நாளடைவில் ரப்பர் பட்டைகளையும் கெடுக்கக்கூடும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் திரவத்தில் மிச்சம் பிடிக்கப்போய் ரப்பர் மாற்ற வேண்டாம். மென்னீராக்கும் உப்பு என்று ஒன்று தருவார்களே, அது வேறு விஷயம். சென்னையில் ஆழ்குழாய் நீரில் கழுவும் உறவினருக்கு அது உயிர்நாடி. நம் குழாய் நீருக்கு அவ்வளவு தேவைப்படாது.

மூன்றாவது, "கூடுதல் உலர்த்தல்" பொத்தான். மின்சாரம் தின்னும் என்று பயந்து பலர் தொடுவதே இல்லை. கடைசி அலசலின் சூட்டை 10 டிகிரி கூட்ட, தண்ணீருக்கும் பாத்திரங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 0.1 யூனிட்தான் ஆகும். யூனிட் 30 காசு அளவில் என்று வைத்துக்கொண்டால் 3 காசு! சிக்கன முறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு, ஈரமாக எடுத்து, துணியால் துடைப்பதைவிட இந்த 3 காசு மேல்.

அடுக்கும் விதம் பற்றிப் புத்தகமே போடலாம். டம்ளரை நேராகக் கவிழ்க்காமல் சாய்த்து வையுங்கள், சுருட்டிய விளிம்பில் தேங்கும் நீர் ஒரு பக்கமாக வடியும். டபராவின் குழிந்த அடிப்பாகம் மேலே பார்த்தால் அது குளம்தான், அதையும் சரித்தே வையுங்கள். கரண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படுக்கக் கூடாது. பிளாஸ்டிக் எப்போதும் மேல்தட்டில். எடுக்கும்போது கீழ்த்தட்டை முதலில் காலி செய்யுங்கள். மேல்தட்டை முதலில் இழுத்தால் அங்கே தேங்கிய நீர், காய்ந்து கிடக்கும் கீழ்த்தட்டில் கொட்டும். இது ஒன்றை மாற்றினாலே பாதிப் புகார் அடங்கும்.

பித்தளை, வெண்கலம், இரும்புத் தோசைக்கல், கல்சட்டி, அலுமினியம் ஆகியவற்றை உள்ளே வைக்கவே வேண்டாம். அலுமினியம் கறுத்துவிடும். இரும்பு துருப்பிடிக்கும்.

துணியா, காற்றா?

துடைத்தால் என்ன தப்பு என்று மாமியார் கேட்பது நியாயமே. சுத்தமான, நன்றாகக் காய்ந்த துணி என்றால் வீட்டுக்குப் பெரிய தப்பில்லை. ஆனால் நம் சமையலறைத் துணி எந்த நிலையில் தொங்குகிறது? காலையில் கை துடைத்தது, மதியம் மேடை துடைத்தது, மாலையில் அதே ஈரத்தோடு டம்ளருக்குள் போகிறது. 65 டிகிரி வெந்நீரில் அலசிய பாத்திரத்துக்குக் கிருமியைத் திரும்பக் கொடுப்பது போலாகும். அமெரிக்க உணவுச் சுகாதார விதித் தொகுப்பு, உணவகங்களில் கழுவிய பாத்திரத்தைக் காற்றில்தான் உலர்த்த வேண்டும், துணியால் துடைத்து உலர்த்தக் கூடாது என்கிறது. ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் கூடாது. இடையில் சிக்கிய ஈரத்தில் வாடையும் பூஞ்சையும் வருவதற்கு நம் பருவநிலையில் அதிக நேரம் பிடிக்காது.

உணவங்காடி நிலையங்கள் இதே சிக்கலைப் பெரிய அளவில் சந்திக்கின்றன. உட்லண்ட்ஸ் டிரைவ் 71ல், அட்மிரல்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கம்போங் அட்மிரல்டியின் உணவங்காடி நிலையம் 2017ல் திறந்தது. மூத்தோர் வீடுகள், மருத்துவ நிலையம், உணவுக்கடைகள் எல்லாம் ஒரே கட்டடத்தில். 2018ல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதும் வாங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான், கடைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே கழுவாமல், எல்லாக் கடைத் தட்டுகளையும் ஓரிடத்தில் இயந்திரத்தில் கழுவும் முறைக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஊக்கம் தரத் தொடங்கியது. 2021 செப்டம்பர் முதல் சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைப்பது கட்டாயமாக அமலானது. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறோம். அந்தத் தட்டு அதன்பின் போகும் பயணத்தில் கழுவுவதற்கு இணையான தலைவலி உலர்த்துவதுதான்.

வணிக இயந்திரத்தில் கடைசி அலசல் 82 டிகிரி அளவில் இருக்கும். பீங்கான் தட்டு வெளியே வந்ததும் ஓரிரு நிமிடத்தில் தானே காய்ந்துவிடும். உணவங்காடியில் இருப்பதோ பெரும்பாலும் மெலமைன் தட்டு. விழுந்தால் உடையாது, தூக்க எளிது. ஆனால் வீட்டு டப்பா மாதிரியே சூட்டைச் சேமிக்காது. அதனால்தான் பெரிய இயந்திரங்களில் நகரும் பட்டையின் கடைசியில் சூடான காற்றை வேகமாக அடிக்கும் தனிப் பகுதியை வைக்கிறார்கள். அது இல்லாத இடத்தில், வயதான துப்புரவாளர் ஒருவர் தட்டுகளை உதறி உதறி அடுக்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டு மாமியாரின் வேலைதான் அது. ஆனால் நூற்றுக்கணக்கான தட்டுகளுக்கு.

(ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை போடும் உணவகங்களுக்கு மட்டும் இந்தக் கவலையில் பாதி இல்லை. மடித்துப் போட்டால் தீர்ந்தது!)

இன்னும் வாங்காதவர்களுக்கு

புதிதாக வாங்கப்போகிறவர்கள், உலர்த்தும் முறை என்ன என்று கடையில் கேளுங்கள். தானாகக் கதவு திறக்கும் வகை நம் ஊருக்கு ஏற்றது. அதற்கும் மேலே ஒரு வகை உண்டு. 2000களின் பிற்பகுதியில் பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் வந்த சியோலைட் முறை. சியோலைட் என்பது ஒரு கனிமம். 1756ல் சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட், அதைச் சூடாக்கியபோது நீராவி கொப்பளிப்பதைக் கண்டு, "கொதிக்கும் கல்" என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் பெயர் வைத்தார். இயந்திரத்தின் அடியில் அதன் மணிகள் இருக்கும். ஈரக் காற்றை அவற்றின் வழியே செலுத்தினால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சூட்டை வெளிவிடும். அந்தச் சூடான, வறண்ட காற்று மறுபடி பாத்திரத்துக்குப் போகும். அடுத்த முறை கழுவும்போது மணிகளைச் சூடாக்கி, உறிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவார்கள். எல்லாம் மூடிய பெட்டிக்குள் நடப்பதால் வெளியே மழையா வெயிலா என்பது பொருட்டில்லை. பிளாஸ்டிக்கும் நன்றாகக் காயும். விலைதான் கூடுதல்.

தண்ணீர் வீணாகும் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் 2004ல் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவியவர்கள் சராசரியாக 100 லிட்டருக்கு மேல் செலவழித்தார்கள். இப்போதைய இயந்திரங்கள் பல 10 முதல் 15 லிட்டரில் முடித்துவிடும். ஜோகூர் நீர் குழாய்களில் கடற்பாலம் கடந்து வருவதைத் தினமும் பார்க்கும் உட்லண்ட்ஸ்காரர்களுக்கு இதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இயந்திரங்களுக்கும் 2018 அக்டோபர் முதல் நீர்ச் சேமிப்பு முத்திரை கட்டாயம். எத்தனை "டிக்" என்று பார்த்து வாங்கலாம்.

இடமில்லை, பணமில்லை என்பவர்கள் இயந்திரமே இல்லாமலும் நன்றாக உலர்த்தலாம். பின்லாந்தில் 1940களின் நடுவில் மாய்யு கெபார்ட் என்ற பெண்மணி, கழுவு தொட்டிக்கு மேலேயே அடியில்லாத அலமாரியை வடிவமைத்தார். கம்பித் தட்டுகளில் ஈரப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் நீர் தொட்டியிலேயே சொட்டும். பாத்திரம் அங்கேயே காயும், அங்கேயே இருக்கும், துடைக்கவும் வேண்டாம், எடுத்து வைக்கவும் வேண்டாம். பின்லாந்து வீடுகளில் இன்றும் அது சாதாரணப் பொருள். நம் வீட்டில் அப்படிச் செய்தால் கதவுக்குப் பதில் திறந்த கம்பித் தட்டே நல்லது. நம் காற்றுக்கு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சன்னலை ஒட்டி இருந்தால் பிற்பகல் காற்று பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஒன்று. ஈரம் போக வேண்டும் என்று இரவு முழுக்கக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். சூடும் ஈரமும் உள்ள இடம் கரப்பான்பூச்சிக்கு ஐந்து நட்சத்திர விடுதி. ஒரு மணி நேரம் திறந்திருந்தால் போதும். அதன்பின் எடுத்து அடுக்கிவிட்டு, அடியில் உள்ள வடிகட்டியைக் கழற்றி அலசி, கதவைச் சாத்திவிடுங்கள்.